இரண்டரை முதல் மூன்று வரை

முட்டியில் வந்த சிவப்பை ரெட் ஆக்சைடு என்று நினைத்து இரண்டு நாள் தின்னர் போட்டுத் தேய்த்தவன் நான்.

நான் லாரிக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். நாமக்கல்லில் லாரிக்குக் கூடு கட்டுகிற ஒரு பாடி பட்டறையில் இருபத்தாறு வருடமாக இதே வேலை. புது இரும்புக்கு முதலில் பூசுகிற செங்காவி நிறப் பூச்சுதான் ரெட் ஆக்சைடு. அது கையில் படும், காலில் படும், சில நாள் சோற்றிலும் படும். ஆகவே வலது முட்டியில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பாகத் தெரிந்ததும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. பழந்துணியைப் பெயிண்ட் கரைக்கிற தின்னரில் நனைத்துத் தேய்த்தேன். போகவில்லை. அழுத்தித் தேய்த்தேன். இன்னும் சிவந்தது. “இந்தச் சரக்கு நல்லாத்தான் புடிக்குது” என்று பக்கத்தில் வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தவனிடம் பாராட்டிக்கூடப் பேசினேன். எரியவில்லையா என்று கேட்பீர்கள். எரிந்தது. தின்னர் போட்டால் எரியத்தானே செய்யும் என்று இருந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை முட்டி தேங்காய் அளவுக்கு வீங்கி, உடம்பு குளிரில் தூக்கித் தூக்கிப் போட்டது. பெயிண்டுக்குக் காய்ச்சல் வராது என்பது அப்போதுதான் என் புத்திக்கு எட்டியது.

சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். என் மனைவி கிரேஸ் ஒரு தோளையும், எங்கள் சபைப் பாஸ்டர் ஒரு தோளையும் பிடித்துக்கொள்ள, ஒற்றைக் காலில் தத்திக்கொண்டு போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் விழுந்தேன். டோக்கன் நம்பர் வரும்வரை எதிரே சத்தமில்லாத டிவியில் ஒரு பெண் எதையோ வதக்கிக்கொண்டிருந்தாள். காய்ச்சலில் பார்க்கும்போது அவள் என் முட்டியைத்தான் வதக்குகிறாள் என்று தோன்றியது.

எலும்பு டாக்டர் சின்ன வயசுக்காரர். முட்டியைத் தொடாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு குனிந்து முகர்ந்தும் பார்த்தார்.

“என்ன போட்டீங்க இதுல?”

“தின்னருங்க.”

“யாரு சொன்னாங்க?”

“யாரும் சொல்லலைங்க. சொந்த யோசனைதானுங்க.”

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். சிரிக்கக் கூடாது என்று படிப்பில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் போல. “முட்டி போட்டுச் செய்யற வேலை ஏதாச்சும் உண்டுங்களா? ரெண்டு முட்டியும் கருத்துக் காய்ச்சுப் போயிருக்கே.”

நான் வாயைத் திறப்பதற்குள் பாஸ்டர் முந்திக்கொண்டார். “ஜெபம்ங்க டாக்டர். எங்க சபையில இவருதானுங்க ஜெப வீரரு. ஜெபிச்சு ஜெபிச்சுத் தேஞ்ச முட்டிங்க அது.”

டாக்டர் மரியாதையாகத் தலையை ஆட்டினார். கிரேஸ் கூரையைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

இந்த முட்டியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். இருபத்தாறு வருடம் சிமெண்டுத் தரையில் முட்டி போட்டு பம்பருக்கும் அடிச்சட்டத்துக்கும் பெயிண்ட் அடித்தால் யாருக்கும் முட்டி இப்படித்தான் ஆகும். எங்கள் பட்டறையில் எல்லாருக்கும் இருக்கிறது. சில வருடத்துக்கு முன்னால் சபையில் ஒரு ஞானஸ்நானம். ஆற்றில் இறங்கி ஆட்களைத் தாங்கிப் பிடிக்கிற வேலை எனக்கு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரையேறியபோது பாஸ்டர் என் முட்டிகளைப் பார்த்துவிட்டார். அப்படியே நின்றார். “பிரதர், இது என்னுங்க?” என்றார், குரல் தழுதழுக்க.

பம்பர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்தது. நான் சொல்லவில்லை. லேசாகச் சிரித்துத் தலையைக் குனிந்துகொண்டேன். நான் வாயால் சொன்ன பொய்கள் நிறைய உண்டு. அவற்றில் ஒன்றும் இந்தக் குனிவு அளவுக்கு ஓடியதில்லை. அடுத்த ஞாயிறு பிரசங்கமே அதைப் பற்றித்தான். அதற்கடுத்த மாதம் என்னைச் சங்கிலி ஜெபத்துக்குப் பொறுப்பாளி ஆக்கினார்கள்.

சபையில் யாராவது ஆபத்தில் இருந்தால் சங்கிலி ஜெபம் வைப்போம். விடியற்காலை முதல் இரவு ஒன்பது வரை அரை அரை மணி நேரமாகப் பிரித்து, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நேரம். நேரம் வந்ததும் அவரவர் இருக்கிற இடத்தில் ஜெபிக்க வேண்டும். முடிந்ததும் வாட்ஸ்அப் குழுவில் கூப்பிய கைப் படம் ஒன்று போட வேண்டும். அதைப் பார்த்து அடுத்தவர் ஆரம்பிப்பார். சங்கிலி அறுந்துவிடக் கூடாது என்பதுதான் இதில் முக்கியம். யார் கை போடவில்லை என்று பார்த்து ஞாபகப்படுத்துவது என் வேலை. இதை நான் மிகவும் கண்டிப்பாகச் செய்தேன்.

டாக்டர் சொன்னதற்கு வருகிறேன். முட்டிச் சிப்பிக்கும் தோலுக்கும் நடுவே ஒரு சின்னப் பை இருக்கிறதாம். பர்சா என்று பெயர். தோல் வழுக்கிக்கொண்டு அசைவதற்காக உள்ளே துளி நீர் வைத்திருக்கும். முட்டி போட்டே பிழைக்கிறவர்களுக்கு அது தடித்துப்போகும். நான் தின்னரைத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்கியதில் கிருமி உள்ளே போய், பை முழுக்கச் சீழ். இவ்வளவு வேகமாகப் பரவியதற்கு இன்னொரு காரணமும் கண்டுபிடித்தார்கள். எனக்குச் சர்க்கரை வியாதி இருந்தது, எனக்கே தெரியாமல். மூன்று மாதச் சராசரி என்று ஒரு ரத்தச் சோதனை. கடந்த மூன்று மாதமாகச் சர்க்கரை எப்படி இருந்தது என்று அது காட்டிவிடும். அன்று காலை மட்டும் பட்டினி கிடந்து யாரையும் ஏமாற்ற முடியாது. முன்னால் செய்ததையெல்லாம் இப்படி ஒரு துளி ரத்தத்தில் கண்டுபிடிப்பார்கள் என்றால் என் கதி என்ன?

பெரிய ஊசியை முட்டியில் இறக்கிச் சீழை இழுத்து, எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்க அனுப்பினார்கள். கல்சர் என்பது அதுதான். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும்.

“சீழு அந்தப் பையோட நின்னுருந்தா தப்பிச்சீங்க,” என்றார் டாக்டர். “மூட்டுக்குள்ள போயிருந்தா காலு மடங்கறது கஷ்டம். ரத்தத்துல கலந்திருந்தா...” அத்தோடு நிறுத்திக்கொண்டார். “மூணு நாளு மருந்து ஏத்திட்டுத் தொறந்து பாத்துருவோம்.”

கிரேஸ் என்னைக் கட்டிலில் படுக்க வைத்து, குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “ஏனுங்க, டாக்டருகிட்டயாச்சும் பம்பருன்னு சொல்லியிருக்கலாமில்லீங்க?”

“பாஸ்டர் மனசு நோவும் புள்ள.”

“இப்ப உங்க முட்டி நோவறது பரவால்லீங்களா?” என்று கேட்டுவிட்டு ஹார்லிக்ஸ் கலக்கப் போனாள்.

பாஸ்டர் அன்று மாலையே சங்கிலி ஜெபம் ஆரம்பித்துவிட்டார், எனக்காக. போனை என் முன்னால் நீட்டி அட்டவணையைக் காட்டினார். எல்லா நேரமும் நிரம்பியிருந்தது. “உங்க நேரம் மட்டுந்தானுங்க காலியாக் கெடந்துச்சு, ரெண்டரையில இருந்து மூணு. சுசீலா சிஸ்டர் எடுத்துக்கிட்டாங்க. ‘அண்ணன் நேரத்தை நான் பாத்துக்கறேனுங்க’ன்னாங்க.”

குளிர் விட்டிருந்த உடம்பு மறுபடி தூக்கிப் போட்டது. நர்ஸ் ஓடிவந்து காய்ச்சல் பார்த்தார். காய்ச்சல் ஏறவில்லை.

சுசீலா யார் என்று சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையே அதற்காகத்தான்.

சுசீலாவின் கணவர் ஆபிரகாம் திருச்செங்கோட்டில் ஒரு ரிக் வண்டியில் ஆபரேட்டர். போர்வெல் போடுகிற வண்டி. வருடத்தில் பாதி நாள் வெளி மாநிலத்திலேயே ஓடும். போன வருடம் ஊருக்கு வந்திருந்தபோது ஒரு காலையில் பல் விளக்கிக்கொண்டே சரிந்து விழுந்தார். மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. இதே ஆஸ்பத்திரியில்தான் பதினோரு நாள் கிடந்தார். குழந்தைகள் இல்லை. சபைக்கு வந்ததிலிருந்து சொந்தக்காரர்களோடு போக்குவரத்தும் இல்லை. சுசீலாவிடமிருந்து எனக்கு உடனே போன் வந்தது. “ஜெபிச்சுக்குங்கண்ணா” என்று அழுதார். “ஜெபத்துல தாங்கறேனுங்க, தைரியமா இருங்க” என்றேன். அட்டவணை போட்டேன். இரண்டரை முதல் மூன்று வரை என் பெயரை எழுதிக்கொண்டேன். எல்லாரும் தவிர்க்கிற நேரம் அது. பொறுப்பாளி எடுத்துக்கொண்டால் பார்க்க நன்றாக இருக்கும்.

இரண்டரை மணிக்கு நான் என்ன செய்வேன் என்றால், சாப்பிட்டுவிட்டு லாரிக்கு அடியில் அட்டைப்பெட்டியை விரித்துத் தூங்குவேன். பட்டறையில் அந்த இடம்தான் குளிர்ச்சி. முதல் நாள் ஜெபிக்கத்தான் கண்ணை மூடினேன். கண்ணை மூடினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். எழுந்து பார்த்தால் மூன்றேகால். அவசரமாகக் கூப்பிய கையை அனுப்பினேன். இரண்டாம் நாள் முதல் போனில் அலாரம் வைத்துக்கொண்டேன். இரண்டரைக்கு அல்ல, மூன்றுக்கு. எழுந்து, கையை அனுப்பிவிட்டு, டீ குடிக்கப் போவேன். ஒரு நாள் இரண்டே முக்காலுக்கே கை தவறி அனுப்பிவிட்டேன். சமாளிக்க வேண்டுமே? ‘இன்று ஆவியானவர் சீக்கிரமே சமாதானம் தந்துவிட்டார்’ என்று கீழே எழுதினேன். ஆறு பேர் ஆமென் போட்டார்கள்.

பதினோராம் நாள் ஆபிரகாம் இறந்தது இரண்டே முக்காலுக்கு. பாஸ்டர் குழுவில் செய்தி போட்டிருக்கிறார். நான் அலாரத்தில் எழுந்தேன், பார்க்கவில்லை, வழக்கம்போல் கையை அனுப்பினேன். ‘நம் சகோதரர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்ற செய்திக்குக் கீழே, மூன்று மணிக்கு, என் கூப்பிய கை. எல்லாரும் அதை அஞ்சலி என்று நினைத்துக்கொண்டார்கள்.

அடக்கத்தன்று சுசீலா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சொன்னார்: “உங்க ஜெப நேரத்துலதானுங்கண்ணா அவரு போனாரு. அமைதியாப் போனாரு.”

“கர்த்தருடைய சித்தம்ங்க,” என்றேன். அந்த வாய் அழுகியிருக்க வேண்டும். முட்டி அழுகியது.

அதற்குப் பிறகு ஒரு வருடம் சுசீலா சபைக்கு முன்வாசலில் வந்தால் நான் பக்கவாசலில் போனேன். இப்போது அவர்தான் என் நேரத்தை எடுத்திருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் படுத்தவனுக்கு வேறு வேலை இல்லை. போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு குழுவில் வருகிற கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை ஆறு மணிக்குக் கோழிப்பண்ணைக்காரர் கை போட்டார். அந்த நேரத்தில் அவர் தீவனம் அள்ளிக்கொண்டிருப்பார், எனக்குத் தெரியாதா? பத்து மணிக்கு டீச்சர். வகுப்பில் நின்றுகொண்டு என்ன ஜெபம்? பன்னிரண்டு மணிக்குப் போட்டவர் பஸ் ஓட்டுகிறவர். அவர் நிஜமாகவே கண்ணை மூடியிருந்தால் அது இன்னும் மோசம். பொய்க் கையை அனுப்பிப் பழகியவனுக்கு வருகிற கையெல்லாம் பொய்யாகவே தெரிந்தது. முப்பது குடும்பம் எனக்காக ஜெபிக்கிறது. அதில் ஒன்றைக்கூட என்னால் நம்ப முடியவில்லை. தண்டனை என்றால் இதற்கு மேல் யாரும் யோசித்துக் கொடுக்க முடியாது.

இரண்டரை ஆனது. மூன்று ஆனது. சுசீலாவின் கை வரவில்லை. மூன்று பத்துக்கு யாரோ, ‘சுசீலா சிஸ்டர், முடிஞ்சுதுங்களா?’ என்று கேட்டு எழுதினார்கள். பதில் இல்லை.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்பாடா, இவரும் நம்மைப் போலத்தான் என்று பெருமூச்சு விட்டேன். காலில் சீழோடு படுத்துக்கொண்டு, எனக்காக ஒரு ஆள் ஜெபிக்கவில்லை என்று மகிழ்ந்த நோயாளி அந்த ஆஸ்பத்திரி கட்டிய நாளிலிருந்து நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மறுநாள் மதியம் இரண்டரைக்கு வார்டு கதவைத் திறந்துகொண்டு சுசீலாவே வந்து நின்றார். கையில் மூடி போட்ட ஒரு தூக்குப்போசி. புதுச்சத்திரத்தில் முட்டை குடோனில் வேலை பார்க்கிறவர். அரை நாள் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறி வந்திருக்கிறார்.

“என்னுங்கண்ணா, முட்டிக்குப் பெயிண்ட் அடிச்சுக்கிட்டீங்களாமா?”

“ஒரு கோட்டுதானுங்க அடிச்சேன், அதுக்குள்ள கொண்டாந்து படுக்க வெச்சுட்டாங்க,” என்றேன். வாய் மட்டும் நன்றாக வேலை செய்தது.

அவர் கிரேஸின் பக்கம் திரும்பினார். “கண்ணு, நீ போயி கேண்டீன்ல சூடா ஏதாச்சும் சாப்புட்டுட்டு, அந்த மரத்தடியில காத்தாட உக்காந்துட்டு வா. முகத்தப் பாரு, நீ பேஷண்டா அவரு பேஷண்டான்னு தெரியல.”

“இல்லீங்கக்கா, பாட்டில் முடியப்போவுது...”

“எனக்குப் பாட்டிலு பாக்கத் தெரியும் சாமி. போ.”

கிரேஸ் போனாள். மூன்று நாளில் அவள் அந்த வார்டை விட்டு வெளியே போனது அதுதான் முதல் தடவை. நான் அதைக் கவனித்திருக்கவே இல்லை.

சுசீலா உட்கார்ந்தார். நானும் அவரும் மட்டும். சொல்ல வேண்டுமானால் இதுதான் நேரம். நாளைக் காலையில் ஆபரேஷன். காலோடு திரும்புவேனா என்பதே தெரியாது. சொல்லிவிடுகிறேன் ஆண்டவரே என்று மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினேன். மூன்றில் நர்ஸ் வந்தார்.

“விரல்ல எல்லாம் பெயிண்ட்டா இருக்குது. நகத்துல மாட்டற மெஷின் சரியா ரீடிங் காட்டாது. நாளைக்குள்ள சுத்தம் பண்ணிருங்க.” ஆக்சிஜன் அளவு பார்க்க விரல் நுனியில் ஒரு கிளிப் மாட்டுவார்கள், அது நகத்தின் வழியாகத்தான் பார்க்குமாம். “தின்னர் வேண்டாம்,” என்று சேர்த்துச் சொன்னார் நர்ஸ். என் புகழ் அதற்குள் அந்த மாடி முழுக்கப் பரவியிருந்தது.

சுசீலா பையிலிருந்து தேங்காய் எண்ணெய் எடுத்தார். ஒரு தீக்குச்சியை முனை உடைத்து, பஞ்சைச் சுற்றி, என் கையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். நான் வேண்டாம் என்று இழுத்தேன்.

“சும்மா இருங்கண்ணா. ஊசி புடுங்கிக்கும்.”

ஒவ்வொரு நகமாக எண்ணெய் விட்டு, ஊறவிட்டு, குச்சியால் சுரண்டினார். நீலம், மஞ்சள், ரெட் ஆக்சைடு என்று அடுக்கடுக்காக வந்தது. கட்டைவிரலுக்கே பத்து நிமிடம் ஆகியிருக்கும். இடையிடையே தலையைத் தூக்கிப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டார். எனக்கு அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. அடக்கத்தன்று அவர் பிடித்த அதே கை.

“சங்கிலி ஜெப நேரமாச்சுங்களே,” என்றேன். “இது உங்க நேரம்ங்க.”

“ஆமாங்க. அதுக்குத்தான வந்திருக்கேன்.”

“நேத்து கை போடலீங்களே?”

“அந்தப் படத்தைங்களா? ஜெபம் பண்ணி முடிச்சுட்டுப் போனைத் தேடுனா எனக்கு மனசு கலைஞ்சு போயிருதுங்கண்ணா. அது ஆருக்குக் காட்டறதுக்கு?” என்று சொல்லிவிட்டு அடுத்த விரலை எடுத்தார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது: “பாத்துச் சொரண்டுங்க, அடியில என் சொந்த நகம் ஒண்ணு இருக்குது.”

அவர் சிரித்தார். மூன்று மணியைத் தாண்டி மூன்றரை வரை சுரண்டினார். பத்து விரலும் முடிந்ததும், என் தலையில் கை வைத்து, உதடு மட்டும் அசைய ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. கேட்பதற்காக அவர் சொல்லவும் இல்லை. போசியில் இருந்த கொள்ளு ரசத்தைக் கிரேஸிடம் கொடுத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார்.

மறுநாள் காலை தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்திருந்தார்கள். உள்ளே யாருக்கோ ஆபரேஷன் முடியவில்லை. முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்க வைப்போம், நினைவு இருக்கும், பயப்படாதீர்கள் என்று மயக்க டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். நினைவு இருப்பதுதான் எனக்குப் பயம்.

ஜெபிக்கப் பார்த்தேன். சபையில் என் ஜெபத்துக்கு ஒரு பெயர் உண்டு. ‘சர்வ வல்லமையும் மகா இரக்கமும் நிறைந்த எங்கள் பரம தகப்பனே’ என்று எடுத்தால் இருபது நிமிடம் மூச்சுவிடாமல் போவேன். தாளம் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டே, யார் யார் அழுகிறார்கள் என்று காதால் எண்ணிக்கொள்வேன். அன்று ‘சர்வ வல்லமையும்’ என்று ஆரம்பித்தேன். அடுத்த வார்த்தை வரவில்லை. கேட்க யாரும் இல்லாத இடத்தில் எனக்கு ஜெபிக்கத் தெரியவில்லை. கூட்டம் இல்லாமல் நான் ஒரு நாளும் ஜெபித்ததே இல்லை என்பது, ஐம்பத்திரண்டு வயதில், பச்சைத் துணி போர்த்திக்கொண்டு படுத்திருந்தபோது தெரிந்தது.

பாஸ்டர் அடிக்கடி சொல்வார், கடவுளைத் தொழுவதற்கு இடம் முக்கியமில்லை, ஆவியில் உண்மை இருந்தால் போதும் என்று. நானும் ஆமென் சொல்லியிருக்கிறேன், மற்றவர்களை விடச் சத்தமாக. ஆராதனை என்றால் கண்ணீர், கைதட்டல், குரல் நடுக்கம் என்று நினைத்திருந்தேன். நான் பெயிண்ட் அடிக்கிறவன். துரு மேலேயே பூசினால் என்ன ஆகும் என்று முதலாளிக்கே பாடம் எடுப்பேன். ஆறே மாதத்தில் உரிந்து வந்துவிடும். அந்த அறிவு எனக்கு லாரிக்கு மட்டும்தான் இருந்தது.

கடைசியில் வாயில் வந்தது, “ஐயா, அந்த அரை மணி நேரம்...” என்பதுதான். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. என் காலைக் காப்பாற்றச் சொல்லிக்கூடக் கேட்கவில்லை. அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். அழகாக இல்லை. அட்டெண்டர் குனிந்து, “தண்ணி வேணுமுங்களா?” என்று கேட்டார். என் வாழ்நாளில் நான் செய்த ஒரே ஜெபம் அது என்று நினைக்கிறேன். அது ஒருவருக்குத் தாகம் மாதிரிக் கேட்டிருக்கிறது.

சீழ் பையோடு நின்றிருந்தது. பையையே வெட்டி எடுத்துவிட்டார்கள். மூட்டுக்குள் போகவில்லை, கால் மடங்கும் என்றார்கள். கல்சரில் தெரிந்த கிருமிக்குச் சரியான மருந்து ஏற்றி, ஒன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கை கொடுத்தது. மீதியைப் பட்டறை முதலாளி பார்த்துக்கொண்டார். கிளம்பும்போது டாக்டர், “இனிமே முட்டி போடவே கூடாது” என்றார்.

பாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. “உக்காந்து ஜெபிச்சாலும் கர்த்தர் கேப்பாருங்க பிரதர்.”

“பம்பர்,” என்றேன்.

“என்னுங்க?”

“பம்பருக்குப் பெயிண்ட் அடிச்சு வந்ததுங்க அது. ஜெபிச்சு வந்ததில்லீங்க. ரெண்டு முட்டியும்தான்.”

அவர் என் முட்டியை, பிறகு என்னை, பிறகு கிரேஸைப் பார்த்தார். கிரேஸ், “ஆமாங்க ஐயா, எனக்கு அப்பவே தெரியும்ங்க” என்றாள். பாஸ்டர் நல்ல மனிதர். மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். வண்டியில் ஏறும்போது, “ஞாயித்துக்கிழமை சாட்சி சொல்லுவீங்கல்ல?” என்று மட்டும் கேட்டார்.

பிழைத்து வந்தவர்கள் சபையில் எழுந்து நின்று நடந்ததைச் சொல்லி நன்றி செலுத்துவதுதான் சாட்சி. எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். ஆனால் சுசீலா அதைக் கூட்டத்தோடு உட்கார்ந்து கேட்கக் கூடாது. முட்டியில் தையல் பிரித்ததும், வெள்ளிக்கிழமை புதுச்சத்திரம் பஸ் ஏறினேன். காலை நீட்டித்தான் உட்கார முடிந்தது. நடத்துனர் மூன்று தடவை தாண்டினார், மூன்று தடவையும் திட்டினார்.

குடோனில் சுசீலா முட்டைகளை அட்டை ட்ரேயில் அடுக்கிக்கொண்டிருந்தார். உடைந்ததைத் தனியே எடுத்து வைத்தார். என்னைப் பார்த்ததும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் ஜோக் வந்துவிடும் என்று பயம். நின்றுகொண்டே சொன்னேன். அலாரம், அட்டைப்பெட்டி, ஆவியானவர் சமாதானம் தந்தது, கடைசி நாள் மூன்று மணி, எல்லாம். “என் நேரத்துலதான் அவரு போனாரு. சங்கிலி என்கிட்டத்தானுங்க அறுந்துச்சு. பதினோரு நாளும் ஒரு நாள்கூட நான் ஜெபிக்கல. என்னை மன்னிச்சிருங்க.”

அவர் கை நிற்கவில்லை. ஒரு ட்ரே நிறைந்தது. அதைத் தூக்கி அடுக்கில் வைத்துவிட்டு, இன்னொன்றை எடுத்தார்.

“நீங்க அரை மணி நேரம் தூங்குனதுலதான் கர்த்தர் அவரை உட்டுட்டாருன்னு நெனச்சுட்டு இருந்தீங்களா, ஒரு வருசமா?”

“ஆமாங்க.”

“உங்களை ரொம்பப் பெரிய ஆளா நெனச்சுக்கறீங்கண்ணா.”

எனக்கு அழுகை வந்தது. கொஞ்சம் லேசாகவும் இருந்தது. மன்னித்துவிட்டார் என்று நினைத்தேன். “ஞாயித்துக்கிழமை சபையில எல்லாத்தையும் சொல்லிரப் போறேனுங்க,” என்றேன்.

அப்போதுதான் அவர் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தார்.

“சபையில சொல்லுங்க, சொல்லாமப் போங்க. ஜெபிக்காததைக் கர்த்தருகிட்டச் சொல்லிக்குங்க, அது எனக்கு வேண்டாம். பதினோரு நாளு, மாத்தி உக்கார ஆளில்லாம ஒருத்தியாக் கெடந்தேன். நாமக்கல்லுல இருந்து ஒரே பஸ்ஸு. ஒரு நாளு வந்து அவருகிட்ட அரை மணி நேரம் உக்காந்திருந்தீங்கன்னா, நான் போயித் தலைக்குத் தண்ணி ஊத்திக் குளிச்சுட்டு வந்திருப்பேன்.”